குடோனில் தூங்கும் 12 லட்சம்

கேள்வி: குடியாத்தத்தில் அப்பா காலத்து ஜவுளிக் கடை. மாதம் அசல் (வாங்கிய விலை) கணக்கில் 3 லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்கிறது. மொத்தமாக எடுத்தால் 4 சதவீதம் தள்ளுபடி என்று ஏஜென்ட் சொல்லிச் சொல்லி, இருப்பு 24 லட்சம் ஆகிவிட்டது. தனி குடோனுக்கு 6,000 வாடகை. சரக்கை ஈடு காட்டி வங்கியில் வாங்கிய சிசி (கேஷ் கிரெடிட்) கடனுக்கு 11 சதவீத வட்டி, லிமிட் முழுக்க எடுத்தாயிற்று. லிமிட்டைக் கூட்டிக் கேட்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். கடை நிறைந்திருந்தால்தான் ஆள் படியேறும் என்று அப்பா சொல்லியிருப்பார். கடைக்கு அது சரி. குடோனை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஈரோட்டுச் சரக்கு பார்சல் லாரியில் ஓரிரு நாளில் வந்துவிடும். உங்களுக்கு நாலு மாத இருப்பே தாராளம், அதாவது 12 லட்சம். மிச்சம் 12 லட்சத்துக்கு மாத வட்டி 11,000, வாடகையோடு 17,000. தள்ளுபடியில் கிடைத்ததோ 48,000. மூன்று மாதம் ஆவதற்குள் அது கரைந்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனைத் திறந்து, பில் தேதி பார்த்துப் பிரியுங்கள். சட்டைப் பெட்டிகளில் 38, 40, 42 எல்லாம் போய், 36-ம் 46-ம் கவர் மஞ்சளடித்துக் கிடக்கும். கைலி, வெள்ளை வேட்டி காத்திருக்கும். பிள்ளைகளின் கவுன் காத்திருக்காது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அதற்குப் பத்து நாள் முன்பே பழசை வாசலில் மேஜை போட்டு, அசலுக்குக் கீழே என்றாலும் தள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் ஜிஎஸ்டி விற்ற விலைக்குத்தான். குறைத்து விற்றதற்காக, வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கிரெடிட்டைத் (வரிக் கழிவைத்) திருப்ப வேண்டியதில்லை. வீணானது என்று கணக்கிலிருந்து நீக்கினாலோ சும்மா கொடுத்தாலோ திருப்பியாக வேண்டும்.

வந்த பணத்தை அன்றன்றே சிசி கணக்கில் போடுங்கள். வட்டி தினசரி பாக்கிக்குத்தான் என்பதால் அன்றே குறையும்.

வங்கி விஷயம்: நீங்கள் இன்னும் பணம் கொடுக்காத சரக்கைக் கழித்துத்தான் கடன் அளவு போடுவார்கள். பல வங்கிகள் நாள்பட்ட சரக்கைச் சேர்ப்பதே இல்லை. வங்கிக்குக் கொடுக்கும் இருப்புக் கணக்கில் (ஸ்டாக் ஸ்டேட்மென்ட்) பழசைப் புதுசாகக் காட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், ஆய்வுக்கு வருகிறவர் தூசியைப் பார்ப்பார்.

அப்புறம் அந்த ஏஜென்ட். அடுத்த முறை வந்தால், ஒரு மாதச் சரக்கு மட்டும் கேளுங்கள். கையில் காசு, அதற்கு எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுங்கள். 2 சதவீதம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.