நாண் ஒலிக்கு விலகும் குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு காணொளி பார்த்தேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லக்கோட்டா பழங்குடி இளைஞர்கள் சிலர் இருபுறமும் கயிறு கட்டிய பாதையில் குதிரையை ஓட்டி, ஓரத்தில் நிற்கும் வட்ட இலக்குகளை அம்பால் எய்கிறார்கள். கையில் ஹங்கேரிய பாணி ஃபைபர் கிளாஸ் வில். 'மூதாதையர் கலை மீண்டது' என்று கீழே எழுதியிருந்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஹங்கேரியில் இருந்து வந்த வில்லையும் பாதையையும் வைத்து லக்கோட்டா கலையை மீட்க முடியுமா? நூறாண்டுக்கும் மேல் அறுந்து கிடந்த ஒன்றை மீட்க உண்மையில் என்னென்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

வ., கோவை

அன்புள்ள வ.,

உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது. வில் எந்த ஊர்க்காரர்களுடையது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அம்பு நாணை விட்டுப் போகும் நொடியில் அந்தக் குதிரை என்ன செய்கிறது என்று காணொளியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நாண் ஒலியைச் சட்டை செய்யாமல் நேராக ஓடுகிறது, இல்லையா? அதற்குத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். வட அமெரிக்காவின் நடுவில் உள்ள பெருஞ்சமவெளியில் பைசன் என்ற காட்டெருமை வேட்டைக்குப் போன குதிரைக்குக் கற்பித்தது இதற்கு நேர்மாறு. நாண் அதிர்ந்த சத்தம் காதில் விழுந்ததும் அது வலப்பக்கம் விலக வேண்டும். அம்பு பட்ட பைசன் திரும்பிக் கொம்பால் குத்தும். அந்த அரை நொடியில் விலகாத குதிரையும் பிழைக்காது, மேலே இருப்பவனும் பிழைக்க மாட்டான்.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

ஹங்கேரியப் பாதை நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இலக்கு நிலையாக நிற்கும், குதிரை அதைக் கடந்து ஓடும். வரும்போது முன்னோக்கி, நேரே வந்ததும் பக்கவாட்டில், கடந்தபின் உடலைத் திருப்பிப் பின்னோக்கி என்று எய்ய வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது, மாறிக்கொண்டே இருக்கும் கோணத்தையும் தூரத்தையும் கை எவ்வளவு விரைவாகக் கணிக்கிறது என்பது. பைசன் வேட்டையில் இலக்கும் ஓடுகிறது. பைசன் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பாயும். குதிரை அதைப் பிடித்து, அதன் வலப்புறம் ஓரடி ஈரடியாக நெருங்கி, அதே வேகத்தில் ஓடும்போது, எய்பவனின் கண்ணுக்குப் பைசன் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்பது போலத்தான். குறி பார்ப்பதில் பெரிய சிரமம் கிடையாது. அவ்வளவு நெருக்கத்தில் குதிரையை வைத்திருப்பதும், கடைசி விலா எலும்புக்குப் பின்னால், சற்று முன்னோக்கிச் சாய்ந்த கோணத்தில் நுரையீரலைத் துளைக்கும்படி அம்பைச் செலுத்துவதும்தான் சிரமம். ஏன் வலப்புறம்? வில் இடக்கையில் இருக்கிறது. வலக்கைக்காரனுக்கு இடப்பக்கம் எய்வதே இயல்பு. அதனால் விலங்கு அவனுக்கு இடப்பக்கம் இருந்தாக வேண்டும்.

வில்லின் அளவும் இதிலிருந்து வந்ததுதான். அருங்காட்சியகங்களில் இருக்கும் சமவெளி விற்கள் பெரும்பாலும் 40 முதல் 48 அங்குலம். சேணம் இல்லாமலோ மெல்லிய திண்டு மேல் அமர்ந்தோ ஓடும்போது, குதிரையின் கழுத்துக்கு மேலே வில்லை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் மாற்ற இந்த நீளம்தான் தோது. ஆனால் 48 அங்குல மரவில்லை எவ்வளவு இழுக்கலாம்? மரம் மட்டும் என்றால் 20, 22 அங்குலம். முதுகில், அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்தில், தசைநார் ஒட்டியிருந்தால் 24 வரை போகலாம். விளையாட்டுப் பாதையில் பழகியவர்கள் 28 அங்குலம் வரை இழுத்துப் பழகியிருப்பார்கள். அந்தக் கை சமவெளி வில்லை எடுத்தால் முதல் நாளே வில் எய்பவரைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நசுங்கும், அல்லது முதுகு வெடிக்கும். 'பழைய வில் உறுதியில்லாதது' என்று பழி மட்டும் வில்லுக்குப் போய்விடும். மார்புக்கு முன்னாலேயே நிறுத்தும் குட்டை இழுப்பு இந்தக் கலையின் உயிர். மூன்று மீட்டர் தூரத்துக்கு அதுவே போதும்.

நாணைப் பிடிக்கும் விதமும் வேறு. 1885-இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் உலகெங்கும் அம்பை விடும் விரல்முறைகளை வகைப்படுத்தினார். துருக்கிய மரபில் இருக்கும் கட்டைவிரல் மோதிரம் ஒரு வகை. சமவெளி மக்களிடம் மிகுதியாக இருந்தது கிள்ளிப் பிடிக்கும் வகை. அம்பின் வால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும், மற்ற விரல்நுனிகள் நாணை இழுக்க உதவும். அதற்காகவே அந்த அம்புகளின் வால்முனை சற்றுப் பருத்துக் குமிழ் போல இருக்கும். கடையில் வாங்கும் வழவழப்பான அம்பை இப்படிப் பிடித்தால் வழுக்கும். வழுக்குகிறதே என்று பிடியை மாற்றுவார்கள். பிடி மாறினால் இழுப்பு நீளும், இழுப்பு நீண்டால் வில் போகும். இப்படித்தான் ஒரு சிறு பொருள் மாறியதும் கலை மொத்தமும் நகர்ந்துவிடுகிறது.

வில் செய்யும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். தெற்கில் ஓசேஜ் ஆரஞ்சு மரம், வடக்கில் ஆஷ், சோக்செர்ரி, ஜூனிப்பர். ஓசேஜ் ஆரஞ்சு டெக்சாஸ், ஒக்லஹோமா, ஆர்கன்சாஸ் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்ந்த மரம். ஆனாலும் அதில் செய்த விற்கள் வணிக வழிகளில் வெகுதூரம் வடக்கே போயின. 1810 வாக்கில் மிசூரி ஆற்றங்கரை அரிகரா மக்களிடம் அப்படி ஒரு வில்லின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும். குளிர்காலத்தில் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, இரு முனைகளிலும் பசை பூசி நிழலில் குறைந்தது ஓராண்டு காயவிட வேண்டும். முனையை அப்படியே விட்டால் ஈரம் அந்த வழியாக வேகமாக வெளியேறி, மரம் நீளத்துக்கு விரிசல் விடும். பிறகு, வில்லின் முதுகாகப் போகும் பக்கத்தில் ஒரே ஆண்டு வளையத்தைத் தொடர்ந்து முனை முதல் முனை வரை ராவிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் வளையம் அறுபட்டாலும் அங்கே சிம்பு கிளம்பும், வில் ஒடிவதும் அங்கேதான். வயிற்றுப் பக்கம் சீவும்போது அவசரம் கூடாது. வில்லின் இரண்டு கையும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, வளையாத இடத்தில் மட்டும் சீவ வேண்டும். ஓரிடம் மட்டும் கீல் போல மடங்கத் தொடங்கிவிட்டால் அந்த இடத்தைத் தொடவே கூடாது. மற்ற இடங்களைக் குறைத்து அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும்.

தசைநார் பைசன் அல்லது மானின் முதுகிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்தது. காய்ந்தபின் கல்லால் தட்டி நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். ஒட்டுவதற்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வார்களே, அதே இனம். அதை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் பிடிப்பு குறைந்துவிடும். நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே நல்லது. மரத்தின் முதுகில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நார் உரிந்து வரும். சாம்பல் தண்ணீரால் நன்றாகக் கழுவி, கீறிச் சொரசொரப்பாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். பசையில் ஊறிய நார்க்கற்றைகளைச் செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாற்றி மாற்றி வைத்து, விரலால் நீவி, இரண்டு மூன்று படலம் போடுவார்கள். அதன்பின் பொறுமைதான் வேலை. வாரங்கள், சில சமயம் மாதங்கள். காயக் காய நார் சுருங்கி, வில்லை எதிர்ப்பக்கமாக இழுத்து வளைக்கும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது நாணேற்றினால் படலம் அப்படியே பெயர்ந்துவிடும். இந்த வில்லுக்கு எதிரி மழை. வச்சிரமும் நாரும் ஈரத்தில் இளகிவிடும். சமவெளி மக்கள் வில்லுக்கும் அம்பறாத்தூணிக்கும் சேர்த்தே தோலுறை செய்தது அழகுக்காக மட்டும் அல்ல.

இனி, நடுவில் அறுந்தது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 1876 அக்டோபரில் ரெட் கிளவுட், ரெட் லீஃப் ஆகியோரின் லக்கோட்டாக் குழுக்களிடமிருந்து அமெரிக்க ராணுவம் குதிரைகளைப் பறித்தது. 1880-களின் நடுப்பகுதிக்குள் காட்டுப் பைசன் மந்தைகள் அழிக்கப்பட்டுவிட்டன. 1879-இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கி, பிள்ளைகளைக் குடும்பங்களில் இருந்து பிரித்து வெகுதூரம் கொண்டுபோனார்கள். குதிரை, விலங்கு, கற்கும் பிள்ளை மூன்றும் பத்தே ஆண்டுகளில் பிரிக்கப்பட்டன. யாரும் மறந்து தொலைத்த கலை அல்ல இது, பிடுங்கப்பட்டது. அதை மீட்க ஒரு லக்கோட்டா இளைஞர் வேறு ஊர் வில்லை முதலில் கையில் எடுத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இரவல் வாங்கித் தொடங்குவது புதிதும் அல்ல. ஹங்கேரியிலேயே வழிவழியாக வந்த ஆசான் யாரும் இல்லை. 1980-களில் தொடங்கி லாயோஷ் கஷ்ஷாய் என்ற ஹங்கேரியர் கபோஷ்மேரோ பள்ளத்தாக்கில் தானே செய்து, தோற்று, திருத்தி உருவாக்கியதுதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் முறை. ஜப்பானியர் குதிரை மேலிருந்து எய்யும் யபுசமேகூட ஒருமுறை நலிந்து, 18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனே பழைய ஆவணங்களைத் தேடச் சொல்லி மீட்டெடுத்தது. சமவெளி மக்களிடம் அப்படி எழுத்து ஆவணம் இல்லை. ஆனால் பொருள்கள் இருக்கின்றன. மேரிலாந்தின் சூட்லாண்டில் உள்ள ஸ்மித்சோனியன் சேகரிப்புக் கிடங்கு போன்ற இடங்களில் அந்தந்த இனத்தவர் போய்த் தம் மூதாதையர் பொருள்களைப் பார்க்கவும் அளக்கவும் முடியும். போகிறவர்கள் வில்லின் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. பிடியில் இருந்து முனை வரை நான்கு விரற்கடைக்கு ஒருமுறை அகலம், கனம். அம்பின் நீளம், வாலின் பருமன், இறகின் நீளம், அம்பில் தீட்டிய வண்ணப் பட்டைகள். அந்தப் பட்டைகள் அலங்காரம் மட்டும் அல்ல. வேட்டை முடிந்து களத்தில் கிடக்கும் விலங்கு யாருடையது என்று அம்பைப் பார்த்துச் சொல்வார்கள். கையுறை கட்டாயம் போட வேண்டும். பழைய சேகரிப்புகள் பலவற்றில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் பூசியிருக்கிறார்கள்.

கண்ணால் பார்த்தவர்களின் குறிப்புகளும் உண்டு. 1832-இல் ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியர், சமவெளியின் மண்டன் மக்களின் போட்டி ஒன்றை விவரிக்கிறார். முதல் அம்பு தரையில் விழுமுன் எத்தனை அம்புகளை வானத்தில் நிறுத்துகிறார்கள் என்பதே போட்டி. எட்டு வரை போயிருக்கிறது. வில் பிடித்த கையிலேயே அம்புக் கற்றையைச் சேர்த்துப் பிடித்தால்தான் அந்த வேகம் வரும். இதை மட்டும் அந்த இளைஞர்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, ஹங்கேரிய முறையிலும் அப்படித்தான்.

குதிரைக்கு வருகிறேன். முதலில் காலால் அழுத்தினால் பக்கவாட்டில் விலகப் பழக்க வேண்டும். இடக்கால் அழுத்தினால் வலப்பக்கம். அது பிசகாமல் வந்தபின் நாண் ஒலி. ஒலி முதலில், அதையொட்டி உடனே கால் அழுத்தம். வரிசை மாறினால் குதிரைக்கு ஒலி வெறும் சத்தம்தான், அது எதையும் கற்காது. அம்பில்லாமல் நாணை முழுக்க இழுத்து விட்டுவிடாதீர்கள், வில் ஒடியும். லேசாகச் சுண்டினாலே போதும். நடையில் தொடங்கி, ஓட்டத்துக்குப் போய், கடைசியில் நாலுகால் பாய்ச்சல். கால் அழுத்தம் இல்லாமலே ஒலிக்கு விலகத் தொடங்கியதும் அடுத்த கட்டம். அதே குதிரையைக் கயிறு கட்டிய பாதையில் ஓட்டாதீர்கள். அங்கே விலகினால் வேலியில் மோதும், இரண்டு பாடமும் குழம்பும்.

அடுத்த கட்டம், ஓடும் இலக்கு. வைக்கோல் திணித்த சாக்குகளைச் சறுக்குப் பலகையில் கட்டி, நுரையீரல் அளவுக்கு இரண்டடி வட்டம் குறித்து, கயிற்றால் இழுக்க வேண்டும். களத்தின் கோடியில் கப்பி நட்டுக் கயிற்றை வலப்பக்கம் திருப்பி இழுப்பதே பாதுகாப்பு. இழுப்பவர் எய்பவருக்கு முன்னாலோ இடப்பக்கமோ ஒருபோதும் இருக்கக் கூடாது. முனை மழுங்கிய அம்பு, இழுவிசை 30 பவுண்டுக்கு மேற்படாத வில், மூன்று மீட்டர் இடைவெளி. குதிரை மேலிருந்து கீழ்நோக்கி எய்வதால் தவறும் அம்பு மண்ணில் குத்தும். அம்பு கிடையாகப் போகிறது என்றால் இன்னும் நெருங்கவில்லை என்று அர்த்தம்.

காணொளியில் பார்த்த அந்த இளைஞர்களிடம் இருக்கும் ஃபைபர் கிளாஸ் வில்லை இன்றே தூக்கி எறிய வேண்டாம். அம்பை மட்டும் 24 அங்குலத்துக்கு நறுக்கி, வாலில் நாரைச் சுற்றிப் பருமனாக்கி, கிள்ளிப் பிடித்து எய்யத் தொடங்கலாம். அதற்கு மேல் இழுத்தால் அம்பின் முனை விரலுக்கே வந்துவிடும் என்பதால் மழுங்கிய முனையோடு பழகட்டும். ஓசேஜ் மரத்தை இந்தக் குளிர்காலம் வெட்டினால் அடுத்த குளிர்காலத்தில் சீவலாம். அதற்குள் கை குட்டை இழுப்புக்குப் பழகியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்