தாடை வலிக்கு எல்லாப் பல்லிலும் கேப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

திருப்பூரிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கார்மென்ட்ஸில் தையல் வேலை. எட்டு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. முதலில் வாய் திறக்கும்போதெல்லாம் டக்கென்று சத்தம் கேட்டதாம், ஒருநாள் சத்தம் நின்றுபோய் வாயும் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. இப்போது நெற்றிப்பொட்டு, கழுத்து, தோள் எல்லாம் வலி. ஸ்கேனில் மூட்டு வட்டு, அதாவது தாடை மூட்டின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது, விலகியிருக்கிறது என்று வந்திருக்கிறது. வாயை அசைத்தால் மூட்டு தேய்ந்துவிடுமா, தாடையில் பிரச்சினை என்றால் தோள் ஏன் வலிக்கிறது, எல்லாப் பல்லையும் தேய்த்து கேப் போட 1,80,000 ரூபாய் கேட்கிறார்களே, போடலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போடாதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது, இந்த வலிக்கு அது வைத்தியமும் இல்லை. அட்வான்ஸ் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். தவணையில் கட்டலாம் என்று கடன் ஏஜென்ட்டையே கிளினிக்கில் உட்கார வைத்திருக்கிறார்கள், "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்கிறார்கள். வலியில் இருப்பவரிடம் அப்படிப் பேசுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு விலகித்தான் இருக்கும். அந்தப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமே இல்லை.

அசைத்தால் தேயுமா? தேயாது, அசைக்காமல் விட்டால்தான் இறுகும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், தாடை எலும்பின் தலை முதலில் இருந்த இடத்திலேயே சுழன்று, அப்புறம் முன்னால் நழுவுவது விரலுக்கே தெரியும். உங்களுக்கு வலது பக்கத்தில் அந்த நழுவல்தான் நின்றிருக்கிறது, ஏனென்றால் வட்டு வழியில் மாட்டியிருக்கிறது. அதோடு, வலிக்குமே என்ற பயத்தில் கன்னத் தசை முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது, நீங்களும் இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்து ஒரு பக்கமே மென்று பழகியிருப்பீர்கள். ஆக, அசைவு குறையக் குறைய தசை இறுகுகிறது, தசை இறுக இறுக வலி கூடுகிறது. இப்படி மாட்டிக்கொண்ட பெரும்பாலானவர்களுக்கு, பயிற்சியை விடாமல் செய்தால் சில மாதங்களில் வாய் நன்றாகவே திறக்கும்.

தோள் வலி உங்கள் கற்பனை இல்லை. முகத்து நரம்பும் மேல்கழுத்து நரம்புகளும் மூளைக்குப் போகும் வழியில் ஒரே இடத்தில்தான் செய்தியை ஒப்படைக்கின்றன. மாதக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் அந்த இடம் கூர்மையாகிவிடும், வெயிலில் கன்றிய தோலில் வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிற மாதிரி. நாள்பட்ட தாடை வலிக்காரர்கள் சிலருக்கு முன்கையை அழுத்தினால்கூட மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலிக்கிறது. தூக்கம் கெட்டால் இது இன்னும் கூடும். இது புரியாமல் காது டாக்டர் பல் டாக்டரிடம் அனுப்புவார், அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்புவார், அவர் எல்லாம் டென்ஷன்தான் என்பார். இத்தனை பேரைப் பார்த்த பிறகும் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்திருக்க மாட்டார். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் குறைவு என்று அர்த்தம், இதை அளக்க எந்த மெஷினும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். பாக்கு, பான் மசாலா, குட்கா போடுகிறவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போனால் அது தாடை மூட்டாக இல்லாமல் இருக்கலாம். காரம் பட்டால் வாய் எரியும், உள்கன்னம் வெளுத்து நார் நாராகக் கெட்டிப்படும், காதுக்கு முன்னால் பெரிதாக வலி இருக்காது. இது புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் இதைச் செய்யும், "நான் புகையிலை போடுவதில்லை" என்று ஆறுதல் பட வேண்டாம். நீங்கள் போடாவிட்டாலும் வீட்டில் போடுகிறவர் இருந்தால் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குட்காவைத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்தாயிற்று, ஆனாலும் பெட்டிக்கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது. தையலில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள், கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் குனிந்திருக்கும்போது பல்லோடு பல் இறுகியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்: உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது. காலையும் இரவும் கன்னத்தில் கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம். பிறகு நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, நாக்கு விலகாமல் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்கு ஆறு முறை, நாளைக்கு ஐந்தாறு வேளை. லேசான வலி பரவாயில்லை, சுரீரென்றால் அங்கேயே நிறுத்துங்கள். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் கஞ்சியிலேயே இருந்துவிடாதீர்கள். சத்தம் திரும்ப வந்தால் பயப்படத் தேவையில்லை, வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம்.

ஆறு வாரத்தில் மூன்றாவது விரல் நுழைய ஆரம்பிக்கவில்லை என்றால், அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வாய் மருத்துவப் பிரிவிலோ முகத்தாடை அறுவைப் பிரிவிலோ காட்டுங்கள். வரிசை நீளம்தான், ஆனால் அங்கே கடன் ஏஜென்ட் உட்கார்ந்திருக்க மாட்டார். போகும்போது ஸ்கேன் படத்தையும் கையோடு எடுத்துப்போங்கள், அந்தக் கிளினிக்கில் வாங்கி வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.