அப்பா ஆன்லைனில் ஏமாந்து பணத்தை இழந்துவிட்டார். இனி அவருடைய கணக்கை எப்படிப் பாதுகாப்பது?

உங்கள் வீட்டில் இந்நேரம் அப்பாவுக்குத் திட்டு விழுந்திருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள். திட்டியவள் என்பதால் சொல்கிறேன்.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒரு சாயங்காலம் அவருக்கு எஸ்எம்எஸ் வந்தது: போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இரவு 9.30க்கு கரண்ட் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடவும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில். பொய் அந்த வரியிலேயே இருந்தது. ஆனால் அம்மாவுக்கு ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் அப்பாவுக்கு அது உறைக்கவில்லை. கூப்பிட்டார். ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, "பத்து ரூபா மட்டும் கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்" என்றிருக்கிறான். அது ஸ்கிரீனைப் பகிரும் ஆப். அப்பா அடித்த கார்டு நம்பர், வந்த ஓடிபி எல்லாம் அவனுக்கு அப்படியே தெரிந்திருக்கிறது. முதலில் 49,000, அப்புறம் 38,500.

மூன்று நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான் ஊருக்குப் போனபோது டெலிபோன் மேஜையில் தினசரி காலண்டர் தாள் ஒன்று கிடந்தது. பின்பக்கம் அவருடைய மணிமணியான கையெழுத்தில் "ஈ.பி. அதிகாரி" என்று எழுதி, கீழே நம்பர். தாள் கிழிகிற அளவுக்கு அதை அடித்திருந்தார். விஷயம் தெரிந்ததும், "படிச்ச மனுஷன்தானேப்பா நீங்க!" என்று கத்திவிட்டேன்.

இங்கேயும் சிலர் அதையே கேட்க வருவீர்கள். டாக்டர்களும் ஐடிக்காரர்களுமே போலீஸ் என்று வீடியோ காலில் வருபவர்களால் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டப்பட்டுப் பணத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விட்டது. அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லியிருந்தால், போய்ச் சேர்ந்த கணக்கில் கொஞ்சமாவது முடக்கியிருக்கலாம். 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையும் இதைத்தான் சொன்னது: நம் கவனக்குறைவால் போனது நம் நஷ்டம், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

வங்கி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கிளையில் பாஸ்புக் அடிக்கும் மெஷின் எப்போது போனாலும் ரிப்பேர். எழுபது வயதுக்காரரிடம் "ஆப்ல பாத்துக்கோங்க" என்கிறார்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர ஒருவர் கிடையாது.

சரி, நாங்கள் பிறகு செய்தது: பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, ஐயாயிரம் மட்டும் இருக்கும் வேறு கணக்கை இணைத்தோம். கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் நிறுத்தினோம். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போட்டோம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை இறக்கும் ஃபைல்), கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் தொடுவதில்லை. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை அப்பாவே தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்யவையுங்கள், போனைப் பிடுங்கி நீங்கள் செய்யாதீர்கள்.

நாள் ஆகிவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். பணம் போன எஸ்எம்எஸ், பரிவர்த்தனை எண், கூப்பிட்டவன் நம்பர் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இப்போதே 1930க்கு அடியுங்கள். பேசும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.