30க்கு 40 மனையில் இரண்டு படுக்கையறை, கார் நிறுத்துமிடம், உள்படி எல்லாம் தரைத்தளத்திலேயே வருமா?

கேள்வியின் சுருக்கம்: கிழக்குப் பார்த்த மனை, சாலைப் பக்கம் 30 அடி, ஆழம் 40 அடி. முன்னால் 5, பின்னால் 3, பக்கங்களில் 3 அடி விட்டு, கட்டடம் 24க்கு 32 என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். இப்போது தரைத்தளம், சில வருடம் கழித்து மாடி. அம்மாவுக்கு முழங்கால் வலி.

வரும், ஆனால் ஹால் செத்துவிடும். கணக்கைப் பாருங்கள்.

24 × 32 = 768 சதுர அடி. இதில் 9 இன்ச் வெளிச்சுவரும் நாலரை இன்ச் உள்சுவரும் சேர்ந்து சுமார் 110 சதுர அடியைத் தின்றுவிடும். கார் போர்டிகோவுக்குக் கட்டடத்துக்குள் 10 × 11, அது 110. படிக்கட்டு 65. 5க்கு 7 அளவில் இரண்டு பாத்ரூம் 70. சமையலறை 8 × 10, அது 80. ஒரு படுக்கையறை 12 × 11, அது 132. மொத்தம் 567 போனால் மிச்சம் 201. அதுதான் ஹால், சாப்பிடும் இடம், அறைக்கு அறை நடக்கும் வழி எல்லாம். இதிலிருந்து இன்னொரு 10 × 10 அறையை எடுத்தால் ஹாலுக்கு 101 சதுர அடி மிஞ்சும். அதிலும் நாலைந்து கதவுகள் திறக்கும். சோபா போட ஒரு முழுச் சுவர்கூடக் கிடைக்காது. கீழே அம்மாவுக்கு ஒரு நல்ல அறை, மற்ற படுக்கையறைகள் மாடியில் என்று வையுங்கள். மாடி கட்டும்வரை நெருக்கடி என்றால் ஹாலில் ஒரு திவான் போட்டுச் சமாளிக்கலாம். குறுகிய ஹாலைப் பிறகு எதைச் செய்தும் அகலப்படுத்த முடியாது.

பேப்பரில் முதலில் வரைய வேண்டியது படிக்கட்டு. அறைகளை எல்லாம் வரைந்துவிட்டு மிச்சமான மூலையில் அதைத் திணிப்பதால்தான் பாதி வீடுகளில் படி செங்குத்தாக இருக்கிறது. தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 இன்ச். ஒரு படி உயரம் ஆறே முக்கால் இன்ச்சுக்குள் இருக்க 18 படி வேண்டும். 9 ஏறி, திரும்பி, மறுபடி 9. ஒரு பக்கத்தில் மிதிக்கும் பலகை எட்டு; பத்து இன்ச் வீதம் 6 அடி 8 இன்ச். திரும்பும் லேண்டிங் 3 அடி. ஆக நீளம் 9 அடி 8 இன்ச், அகலம் ஆறேகால் முதல் ஆறரை அடி. ஏறத் தொடங்கும் இடத்தில் 3 அடி காலியாக வேண்டும். அதை ஹாலின் நடைவழியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

"லேண்டிங்குக்குக் கீழே ஒரு பாத்ரூம் போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேண்டிங் 5 அடி உயரத்தில் இருக்கும். ஸ்லாப் கனம் போனால் உள்ளே நாலரை அடிதான். யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இன்வெர்ட்டர், செருப்பு ஸ்டாண்டு வைக்க அந்த இடம் போதும்.

அடுத்தது சுவர்க் கணக்கு. அகலம் 24 அடியில் வெளிச்சுவர் இரண்டு, நடுச்சுவர் ஒன்று: 9 + 4½ + 9 = 22½ இன்ச். பூச்சு நான்கு முகத்துக்கு இரண்டு இன்ச். இரண்டு அறைக்கும் சேர்த்துக் கிடைப்பது 22 அடிக்கு அரை இன்ச் குறைவு. வரைபடத்தில் 12 என்று எழுதியிருந்தால் அது சுவருக்குள் அளந்ததா, சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கா என்று கேளுங்கள். வீட்டில் மனையடி சாஸ்திரப்படி அறையளவு பார்ப்பவர்கள் இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் உள்ளளவைத்தான் எடுப்பார்கள், பலர் 12 அடியை ஏற்கமாட்டார்கள். அப்படியானால் 10 + 12க்குப் பதில் 11 + 11 வைக்கலாம். படுக்கையறையும் போர்டிகோவும் 11 × 11 ஆகும், மேலே போட்ட கணக்கு மாறாது, காருக்கும் ஓர் அடி கூடும்.

போர்டிகோவில் எல்லோரும் மறப்பது வாசற்படியை. முன்பக்க 5 அடியும் உள்ளே 11 அடியும் சேர்ந்து 16 அடி நீளம் இருக்கிறது, 4 மீட்டருக்கு உட்பட்ட கார் 13 அடிதானே என்று தோன்றும். பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம், சாலையிலிருந்து 3 அடி, போர்டிகோ தரை 1 அடி என்றால் இன்னும் 2 அடி ஏற வேண்டும். 6 இன்ச் வீதம் நான்கு ஏற்றம், மூன்று மிதிபலகை, 3 அடி போய்விட்டது. படியை நடுவில் வைத்தால் கார் வாலில் கேட் இடிக்கும். தெற்கு ஓரத்தில் 3 அடி அகலத்துக்கு மட்டும் படி வைத்து, காரின் மூக்கை அதன் பக்கத்தில் விடுங்கள். படிக்கு ஒரு கைப்பிடி கட்டாயம். முழங்கால் வலிக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார் என்று யோசியுங்கள். செலவைக் குறைக்கப் பேஸ்மட்டத்தைத் தாழ்த்தாதீர்கள். சாலையை ஒவ்வொரு தடவை போடும்போதும் அது உயர்ந்துகொண்டே வரும்.

அம்மாவின் அறை தென்மேற்கில், கன்னி மூலையில், வரும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் மதியத்துக்கு மேல் வெயில் முழுக்க மேற்குச் சுவரில்தான் அடிக்கும். இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவர் சுடும். அதனால் கட்டிலின் தலைமாட்டை அங்கே வைக்காமல், 2 அடி ஆழ அலமாரியையும் பாத்ரூமையும் மேற்குப் பக்கம் தள்ளுங்கள். ஜன்னல் தெற்கில் பெரிதாக, 2 அடி சன்ஷேடோடு. அந்தப் பாத்ரூம் கதவை மட்டும் இரண்டரை அடி வைக்காதீர்கள், 3 அடி வையுங்கள். கதவு அளவு என்பது நிலையின் வெளியளவு. சட்டம் போக ஐந்து இன்ச் குறையும். நாளைக்கு வாக்கரோ வீல்சேரோ வந்தால் இரண்டரை அடிக் கதவில் நுழையாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால் உள்திறப்புக் கதவைத் தள்ள முடியாது.

மாடிப் பிளானையும் இப்போதே வரைய வேண்டும். கீழே பாத்ரூம் இருக்கும் இடத்துக்கு மேலேதான் மாடிப் பாத்ரூமும். பாத்ரூம் தளத்தை 9 இன்ச் முதல் ஓர் அடி வரை இறக்கிப் போடுவார்கள். அது சமையலறைக்கு மேல் வந்தால், கசியும் அன்றைக்குச் சாப்பாட்டில் சொட்டும். 9க்கு 12 பில்லர் நாலரை இன்ச் சுவரில் துருத்தும். அந்தத் துருத்தல் அலமாரிப் பக்கமோ கதவுக்குப் பின்னாலோ போகும்படி பில்லர் இடத்தை இன்ஜினியரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரென்றால் செப்டிக் டேங்குக்கும் இடம் ஒதுக்குங்கள். ஐந்து பேருக்கு உள்ளளவு 5 அடிக்கு இரண்டரை அடி. இருபக்கச் சுவரோடு அகலம் 4 அடியாகிவிடும். பின்னால் விட்ட 3 அடியில் நுழையாது, முன்பக்க 5 அடியின் தெற்குக் கோடியில்தான் வரும். தண்ணீர் சம்ப் வடகோடியில், போர்டிகோவுக்கு அடியில். 6 × 6 × 6 அடி என்றால் சுமார் 6,100 லிட்டர். மூடி கார் டயர் ஏறும் இடத்தில் வராமல் பாருங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் வரைபடத்தில் இடம் காட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால், மனை உண்மையிலேயே 30க்கு 40தானா என்று டேப் பிடியுங்கள். நான்கு பக்கம் மட்டும் போதாது. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சரியாக 50 அடி வர வேண்டும். ஒன்று 49, மற்றது 51 என்றால் மனை கோணல். 24 அடிக் கட்டடத்தை நேராக உட்கார வைக்கும்போது ஒரு பக்கம் 3 அடி கிடைக்காது.

பிளான் முடிந்ததும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டுப் பாருங்கள். வெட்டவெளியில் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து அளவை மாற்றாதீர்கள். ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் அறைக்குள் போட்டு, கதவு வரும் இடத்திலிருந்து சுற்றி நடந்து பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடக்கச் சொல்லுங்கள். அந்த வழியில் திரும்ப வேண்டிய மூலை ஒன்றுக்கு மேல் இருந்தால் கதவை நகர்த்த அதுதான் கடைசி வாய்ப்பு.