ரிச்சி பெனோ ஏன் பேசவில்லை?

அன்புள்ள அண்ணா,

போன மாதம் டிவி கிரிக்கெட் பற்றி எழுதியபோது வர்ணனையாளர் ரிச்சி பெனோவை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் பேசாத இடங்களைக் கேட்டுப் பழக வேண்டும் என்று. எனக்கு 23 வயது. எங்கள் பக்கத்து லீக் ஆட்டங்களுக்குத் தமிழில் வர்ணனை செய்கிறேன், யூடியூபில் நேரலையாகப் போகும். ஒரு விநாடி நிறுத்தினாலும் பார்க்கிறவன் போய்விடுவான், வாயை மூடவே கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெனோவின் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பாதி நேரம் ஆள் அங்கே இருக்கிறாரா என்றே தெரியவில்லை. ஆஸ்திரேலிய கேப்டனாக இருந்தவர் என்பதற்காகக் கிடைத்த மரியாதையா இது? இன்றைக்கு ஒருவன் அப்படிப் பேசினால் அவனுக்கு வேலை கிடைக்குமா?

பெயர் வேண்டாம்,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக அவர் செய்தது தவறாகிவிடாது. அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும்.

கேப்டன் என்பதால் மைக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள். ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள், அதில் சந்தேகமே இல்லை. 63 டெஸ்ட், 248 விக்கெட், 2201 ரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 200 விக்கெட்டும் 2000 ரன்னும் எடுத்த முதல் ஆள். 28 டெஸ்டுகளில் தலைமை தாங்கி ஒரு தொடரைக்கூடத் தோற்காதவர். ஆனால் மைக்குக்கான வேலையை அவர் தொடங்கியது இதெல்லாம் வருவதற்கு முன்னால். 1956இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் (இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடரைத் தோற்ற சுற்றுப்பயணம்) அவர் லண்டனிலேயே தங்கி, பிபிசி தொலைக்காட்சியின் பயிற்சியில் போய் உட்கார்ந்தார். அப்போது வயது 25. கேப்டன் பதவி அவருக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பீட்டர் ஓ'சுல்லிவன் என்ற குதிரைப் பந்தய வர்ணனையாளர் பந்தய நாளில் எப்படி வேலை பார்க்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார். ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே அந்த வருடம் செப்டம்பரில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சொந்த ஊரில் அப்போதுதான் முளைவிட்ட ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள ஒருவர் வெளியூரில் தங்கியிருக்கிறார்.

அங்கிருந்து பாகிஸ்தான் வழியாக நேரே நம்ம ஊர். 1956 அக்டோபர், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 7 விக்கெட். அன்று வெயிலில் உட்கார்ந்து அந்த லெக் ஸ்பின்னரைப் பார்த்தவர்களுக்கு, இவர் இப்போதுதான் லண்டனில் டிவி வேலை பழகிவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று, சிட்னியில் ‘சன்’ பத்திரிகையில் போலீஸ் செய்தி நிருபராக அவர் வேலை பார்த்தார். குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு அடைமொழி கிடையாது. யார், எங்கே, எப்போது, அவ்வளவுதான். அவருடைய வர்ணனையில் வாக்கியங்கள் ஏன் அத்தனை சின்னதாக இருக்கின்றன என்று கேட்டால் நான் அந்தப் பத்திரிகை மேசையைத்தான் காட்டுவேன்.

சரி, இப்போது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். அவர்கள் சொன்னது வானொலிக்கு நூற்றுக்கு நூறு சரி. நம்முடைய தமிழ் வர்ணனை வானொலியில் பிறந்தது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றவர்களுக்கு மைதானம் எப்படி இருக்கிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது, காற்று அடிக்கிறதா இல்லையா, எல்லாமே அந்தக் குரல்தான். குரல் நின்றால் மைதானமே இருட்டாகிவிடும். அந்தக் கலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் செய்வது கேமராவோடு. பேட்ஸ்மேன் அடித்ததை உங்கள் ஆள் பார்த்துவிட்டான். “அடித்துவிட்டார், அடித்துவிட்டார்” என்று அவனுக்கே திரும்பச் சொல்கிறீர்கள். பெனோவின் விதி ஒன்றே ஒன்று: திரையில் இருப்பதோடு எதையாவது சேர்க்க முடிந்தால் பேசு, முடியாவிட்டால் சும்மா இரு.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்டு, ஷேன் வார்ன் ஆஷஸில் போட்ட முதல் பந்து. கால் பக்கம் மிதந்து போய், லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்கின் மட்டையைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. பிபிசியில் அப்போது மைக் பெனோ கையில். உலகத்தில் அந்தப் பந்தை விளக்கத் தகுதியான ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான், அவரே லெக் ஸ்பின்னர், மணிக்கட்டு, விரல், காற்று என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மிக அழகான பந்தோடு தொடங்கியிருக்கிறார் என்றார். என்ன நடந்தது என்று கேட்டிங்குக்குத் தெரியவே இல்லை என்றார். கொஞ்சம் விட்டு, இன்னும் தெரியவில்லை என்றார். அந்த இடைவெளியில் நம் கண் பந்தை விட்டுவிட்டு கேட்டிங்கின் முகத்துக்குப் போகிறது. அப்படியே நிற்கிறார் மனிதர். நான் இதை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிச் சொற்கள் வருவதற்கு முன்பு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் கத்தவே மாட்டார் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2005 எட்ஜ்பாஸ்டன் ஆஷஸ் டெஸ்ட், இங்கிலாந்து 2 ரன்னில் ஜெயித்த அந்த முடிவு. பந்து விக்கெட் கீப்பர் ஜோன்ஸ் கையில், விரல் நடுவர் பௌடனுடையது. “ஜோன்ஸ்! பௌடன்!” என்று முதலில் இரண்டே பெயர்கள். பிடித்தவர், அவுட் கொடுத்தவர். குரல் உயர்ந்திருக்கிறது, ஒரு சொல்கூட வீணாகவில்லை. 74 வயதில்.

அதே மனிதருக்குக் கோபமும் வரும். 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஆட்டத்தைச் சமன் செய்ய 6 ரன் வேண்டும். ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சேப்பல் தன் தம்பி டிரெவரைத் தரையில் உருட்டிப் போடச் சொன்னார். அது விதிக்குள்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பெனோ கேமராவைப் பார்த்து, இது வெட்கக்கேடு, கிரிக்கெட் மைதானத்தில் நான் பார்த்த மிக மோசமான காரியங்களில் ஒன்று என்று சொன்னார். ஜெயித்தது அவருடைய நாடு, அவர் முன்பு வகித்த அதே பதவியில் இருந்தவர் எடுத்த முடிவு. நாள் முழுக்கக் கத்துகிற ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்காது. எப்போதும் அடங்கிப் பேசுகிறவர் சொன்னதால் இரண்டு நாடுகளிலும் சுருக்கென்று தைத்தது. அவர் ஆஸ்திரேலியாவை “நாங்கள்” என்று சொல்ல மாட்டார். உங்கள் லீக் ஆட்டத்தில் “நம்ம பசங்க” என்று நீங்கள் சொல்லாமல் இருந்து பாருங்கள், நாக்கு எவ்வளவு துடிக்கிறது என்று தெரியும்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். 1977இல் ஆஸ்திரேலிய டிவி முதலாளி கெர்ரி பேக்கர் கிரிக்கெட் வாரியங்களை எதிர்த்துத் தனி கிரிக்கெட் தொடங்கியபோது அதை வடிவமைக்க ஆலோசனை சொன்னவர்களில் பெனோவும் அவர் மனைவி டாஃப்னியும் உண்டு. அதற்கப்புறம் பல பத்து வருடம் பேக்கரின் சேனல் நைனின் முகமே அவர்தான். அந்தச் சண்டையில் அவர் நடுவில் நிற்கவில்லை, ஒரு பக்கம் நின்றார். ஆட்டக்காரர்களுக்கு ஒழுங்கான சம்பளம் வந்தது அதனால்தான் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் பெனோ என்றாலே நடுநிலை என்று எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் அவர் விடைபெற்றதை மட்டும் கட்டாயம் தேடிப் பாருங்கள். 1963 முதல் அங்கே டிவி வர்ணனை, முதலில் பிபிசி, அப்புறம் சேனல் 4. 2005க்குப் பிறகு உரிமை கட்டணச் சேனலுக்குப் போனது. கிரிக்கெட் எல்லோர் வீட்டிலும் இலவசமாகத் தெரிய வேண்டும் என்று நம்பியவர், அதனால் கூடப் போகவில்லை. செப்டம்பர் 12, ஓவல். ஆஷஸ் தொடரின் கடைசி நாள். மைக்கில் தன் கடைசி நிமிடங்களில் ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஆஸ்திரேலியாவின் மெக்ரா, 158 ரன் எடுத்திருந்த இங்கிலாந்தின் பீட்டர்சனின் ஸ்டம்பைப் பெயர்க்கிறார். நாற்பது வருட வாழ்க்கைக்கு விடை சொல்லும் பேச்சு அது, யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். பெனோ நன்றியை நிறுத்தி, விக்கெட்டைச் சொல்லி, அந்த இன்னிங்ஸைப் பாராட்டி, விட்ட இடத்திலிருந்து நன்றியைத் தொடர்ந்தார். ஆட்டம் முன்னால், அவர் பின்னால்.

இங்கிலாந்தில் கோடை முடிந்தால் ஆஸ்திரேலியாவில் கோடை, இப்படியே வருடத்துக்கு இரண்டு கோடையாக வாழ்ந்தவர். ஆடிய காலத்தில் சக ஆட்டக்காரர் கீத் மில்லர் தொப்பி போடுவதில்லை என்பதால் இவரும் போடவில்லை. 2014இல் தோல் புற்றுநோய் வந்திருப்பதைச் சொன்னபோது, எல்லோரும் தொப்பி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த நவம்பரில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பில் ஹியூஸ் ஆட்டத்தில் பந்து பட்டு இறந்தார், வயது 25. நோயோடு இருந்த பெனோ அந்தப் பையனுக்காக ஒரு சின்ன அஞ்சலியைப் பேசிக் கொடுத்தார். “அமைதியாகத் தூங்கு, மகனே” என்று முடியும். குரல் உடைந்து, மெலிந்து போயிருக்கிறது, ஆனால் சொற்களுக்கு நடுவே விட வேண்டிய இடத்தை அப்போதும் விடுகிறார். 2015 ஏப்ரல் 10இல் போய்விட்டார், 84 வயது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்யலாம் என்று அரசு கேட்டது, குடும்பம் வேண்டாம் என்றது.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த ஆட்டத்தில் விக்கெட் விழுந்ததும் யார் அவுட், எப்படி அவுட் என்று மட்டும் சொல்லிவிட்டு, பேட்ஸ்மேன் கோட்டைத் தாண்டி வெளியே வரும்வரை பேசாதீர்கள். உங்கள் ஊர் மைதானத்தின் சத்தம் மட்டும் கேட்கட்டும். எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று யூடியூப் கணக்கிலேயே தெரிந்துவிடும். அந்த வீடியோவின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள், முழுசாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.