எழுத்தாளராக ஆசைப்படும் பிள்ளைக்கும், கவலைப்படும் பெற்றோருக்கும்

பள்ளி முடிக்கப்போகும் பிள்ளை "நான் கதை எழுதப் போறேன், அதுதான் என் வேலை" என்று சொன்னால் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "பொழைப்புக்கு என்ன பண்ணுவே?" என்பது ஒன்று. "உனக்குப் பிடிச்சதைப் பண்ணு" என்று கைகழுவுவது இன்னொன்று. முதல் பதிலைக் கேட்ட பிள்ளை நோட்டை ஒளித்துவைக்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிக்கும். பெற்றோராகிய நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதுவரைக்கும் எத்தனை கதையை முடிச்சிருக்கே?"

தொடங்கிய கதைகள் கணக்கில் வராது. எழுத விரும்பும் இளைஞர்களிடம் பாதியில் நின்ற நாவல்கள் மூன்று, நான்கு இருக்கும். முடிந்த சிறுகதை ஒன்றுகூட இருக்காது. காரணம் சோம்பல் இல்லை. முதல் இருபது பக்கங்களில் கற்பனையின் வேகம் இழுத்துப்போகிறது. அதற்குப் பிறகு, போட்ட முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்ற கேள்வி வருகிறது. அந்த இடத்தில் புதுக் கதை ஒன்று மனதில் பளிச்சிடும், பழையது கைவிடப்படும். முடிவுவரை போகாதவருக்கு முடிவு எழுதும் பயிற்சியே கிடைப்பதில்லை. ஆகவே ஓர் ஆண்டு அவகாசம் கொடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் எட்டுச் சிறுகதைகள், ஒவ்வொன்றும் முடிந்திருக்க வேண்டும், குறைந்தது இருமுறை திருத்தப்பட்டிருக்க வேண்டும். நன்றாக வந்திருக்கிறதா என்று இப்போது பார்க்க வேண்டாம். எட்டை முடித்த பிள்ளையின் ஆசையை முழுமதிப்போடு பேசத் தொடங்கலாம். இரண்டோடு நின்றுபோனால் அதற்காகக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். எழுத்து இன்னும் அவர்களை அவ்வளவு இழுக்கவில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவே.

படிப்பு, வேலை பற்றிய பயம் நியாயமானதுதான். கதை எழுதி மட்டும் வாழ்க்கை நடத்துவோர் எந்த மொழியிலும் சிலரே. ஆனால் எழுத்தா, வேலையா என்று எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். ரஷ்யச் சிறுகதையாசிரியர் செகாவ் 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் இருந்தார். அதிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். அப்படி வந்த நாவல்கள் 47.

எந்தப் பட்டம் எடுப்பது? இலக்கியம் என்பது எல்லோரும் சொல்லும் பதில். நல்ல பதில்தான், ஆனால் ஒரே பதில் இல்லை. இலக்கியப் படிப்பு வாசிக்கக் கற்றுத்தரும். எழுத வைக்கும் என்று உறுதியில்லை. வரலாறு, உளவியல், சட்டம், செவிலியம், கணக்கியல் எல்லாமே மனிதர்களை நெருக்கத்தில் பார்க்கவைக்கும் படிப்புகள். படைப்பெழுத்தைப் பாடமாகவே நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதற்கான பட்டறை 1936இலேயே தொடங்கியது. அத்தகைய படிப்பின் பெரிய லாபம் கெடு தேதியும், கண்டிப்பான வாசகர்களும். கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் அவசரப்பட வேண்டாம். கெடு தேதியையும் வாசகர்களையும் வெளியிலும் தேடிக்கொள்ளலாம்.

வேலை தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பர வாசகம், இணைய உள்ளடக்கம், செய்தி எழுதுவது போன்ற வேலைகள் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். பகலெல்லாம் பிறருக்காகச் சொற்களைச் செலவழித்துவிட்டு இரவில் சொந்தக் கதைக்கு உட்கார முடியாமல் திணறுவோர் பலர். மெய்ப்புத் திருத்தம், பதிப்பாசிரியர் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவை சற்று வேறு: பிறர் வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதால் கை தேறும். எதுவானாலும், வேலை நேரம் முடிந்த பிறகு அலைபேசி அடிக்காத வேலை எழுதுபவருக்கு ஒரு வரம்.

இனி உன்னிடம், எழுத ஆசைப்படுகிற உன்னிடம்.

முதல் ஆண்டில் நாவலைத் தொடாதே. 1,500 முதல் 2,500 சொல்லுக்குள் அடங்கும் சிறுகதைதான் நல்ல பயிற்சிக்களம். பிழையான சிறுகதை இரண்டு வாரத்தைத் தின்னும். பிழையான நாவல் இரண்டு வருடத்தைத் தின்னும். ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் சொற்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அறிவியல் புனைகதைக்கும் மிகைக்கற்பனைக் கதைக்கும் தரும் அமெரிக்காவின் நெபுலா விருதுக்கு 7,500 சொல்லுக்குக் கீழே இருந்தால் சிறுகதை, 40,000ஐத் தொட்டால் நாவல். தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களிடம்" என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதையே சொல்ல நாலைந்து சொல் வேண்டும். ஆகவே அதே நீளக் கதைக்குத் தமிழில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், பயப்படாதே.

நாளைக்கு 300 சொல் போதும். கேட்கச் சிறிதாக இருக்கிறதா? பின்னால் 60,000 சொல்லில் நாவல் எழுதும் நாள் வந்தால், இந்த வேகத்தில் 200 நாளில் முதல் வரைவு முடியும். "ஞாயிற்றுக்கிழமை மொத்தமா உட்கார்ந்து எழுதிடறேன்" என்ற திட்டம் ஏன் தோற்கிறது தெரியுமா? ஆறு நாள் இடைவெளியில் பாத்திரங்களின் குரல் காதிலிருந்து மறைந்துவிடும். பாதி நேரம் பழையதைப் படித்துத் திருத்துவதிலேயே போய்விடும். தினமும் எழுதினால் அந்தச் சூடு ஆறாது. எழுதி எழுந்திருக்கும்போது அடுத்து வரவேண்டியதை ஒரு வரியில் குறித்துவைத்துவிட்டு எழுந்திரு. மறுநாள் வெற்றுத்தாளை வெறிக்க வேண்டியிருக்காது.

இப்போது கதைகள் எங்கே கெடுகின்றன என்று பார்ப்போம்.

பெரும்பாலான முதல் கதைகள் தவறான இடத்தில் தொடங்குகின்றன. அப்பா நடத்திய அச்சகத்தை மகள் மூடுகிறாள் என்பது கதை என்று வைத்துக்கொள். அப்பா எப்போது அச்சகம் ஆரம்பித்தார், எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், தொழில் எப்படி நொடித்தது என்று மூன்று பக்கம் போகும். படிப்பவர் அதற்குள் போய்விட்டிருப்பார். இயந்திரத்தை எடைக்கு எடுக்க ஆள் வந்து நிற்கும் காலையில் தொடங்கு. பழைய விஷயங்கள் தேவைப்படும் இடத்தில், தேவையான அளவுக்கு, தாமாக வந்து உட்காரும். அவற்றில் பாதி தேவையே இல்லை என்பதும் அப்போது தெரியும்.

அடுத்தது பார்வைக் கோணம். மாலதியின் மனதுக்குள்ளிருந்து கதை போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் "இவள் பொய் சொல்கிறாள் என்று சேகர் நினைத்தார்" என்று ஒரு வரி. மாலதிக்கு அது எப்படித் தெரியும்? படிப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ இடறும். "சேகர் பேனாவை மூடிவைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை" என்று எழுது. மாலதிக்குப் புரிந்துவிடும், படிப்பவருக்கும் புரிந்துவிடும். ஒரு சிறுகதைக்கு ஒரு மனம் என்று வைத்துக்கொள்வது தொடக்கத்தில் நல்லது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது மூன்றாவது வழுக்கல். "ரமேஷுக்குப் பொறாமையாக இருந்தது" என்பது தகவல். "பரிசு வாங்கிய நண்பனின் கையைக் குலுக்கிவிட்டு வந்தவன், யாரும் பார்க்காதபோது அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்" என்றால் ரமேஷ் நம் முன்னால் நிற்கிறான். இதற்காக எல்லாவற்றையும் காட்சியாக்கிக்கொண்டே போனாலும் கதை மூச்சுமுட்டும். "அதன் பிறகு மூன்று வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை" என்று ஒரே வரியில் தாண்ட வேண்டிய காலத்தைத் தாண்டத்தான் வேண்டும். கதையின் திருப்பம் நிகழும் இடத்தைக் காட்டு, திருப்பங்களுக்கு நடுவில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போ.

உரையாடலில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழ், பேச்சு பேச்சுத் தமிழ் என்று பிரித்துக்கொள்வதுதான் பரவலான வழக்கம். ஒரு பக்கத்தில் "போறேன்", அடுத்த பக்கத்தில் அதே ஆள் "போகிறேன்", இன்னோர் இடத்தில் "போரேன்" என்று வந்தால் அக்கறையில்லாத கை என்று இதழாசிரியர் முதல் நிமிடத்திலேயே முடிவுகட்டிவிடுவார். எந்தப் பாத்திரம் எப்படிப் பேசும், எந்தச் சொல்லை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள். பிறகு பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் படி. யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் எல்லோரும் உன் குரலில் பேசுகிறார்கள் என்று பொருள். "என்று கர்ஜித்தான்", "என்று முணுமுணுத்தபடி வினவினாள்" எல்லாம் வேண்டாம். "என்றான்", "என்றாள்" போதும். அவை கண்ணில் படாமல் வேலை செய்யும்.

முடிவில் நீதி சொல்லும் பழக்கம் பள்ளிக் கட்டுரையிலிருந்து வருவது. கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பார். கதை அப்போதே முடிந்துவிட்டதாகத் தோன்றினால் அந்தப் பத்தியை எடுத்துவிடு.

வரைவு முடிந்ததும் யாருக்கும் அனுப்பாதே. இரண்டு வாரமாவது கண்ணில் படாமல் வை. அதற்குள் அடுத்த கதையைத் தொடங்கு. இல்லையென்றால் கை அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு காகிதத்தில் அச்சிட்டு, வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் பழுது. பத்தில் ஒரு பங்கைக் குறைக்க முயற்சி செய்: 2,000 சொல் 1,800 ஆகட்டும். "மிகவும்", "உண்மையிலேயே", "திடீரென்று", "ஒருவித" ஆகியவற்றைத் தேடினாலே கணிசமாகக் குறையும்.

படித்துக் கருத்துச் சொல்ல மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவராவது உன்மேல் பாசமில்லாதவராக இருக்கட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் அலைபேசியை எடுக்கத் தோன்றியது, எது புரியவில்லை, யாருடைய பெயர் நினைவில் நின்றது என்று கேள். மூவரில் இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே குறை இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. தீர்வு உன் வேலை.

கதையை ஓர் இதழுக்கு அனுப்பும் முன் அந்த இதழின் சமீபத்திய இரண்டு இதழ்களையாவது முழுதாகப் படி. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பாக அனுப்பு. பழைய முறை எழுத்துருக்களில் அடித்தது அடுத்தவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கடிதம் நான்கு வரி: கதையின் தலைப்பு, சொல் எண்ணிக்கை, இதற்குமுன் எங்கும் வெளிவராதது என்ற உறுதி, உன் பெயரும் தொடர்பு விவரமும். கதைச்சுருக்கம் வேண்டாம், "இது என் முதல் முயற்சி, பிழையிருந்தால் மன்னிக்கவும்" என்பதும் வேண்டாம். சமூக வலைத்தளத்தில் ஏற்கெனவே பதிவிட்ட கதையைப் பல இதழ்கள் பிரசுரமானதாகவே கருதும் என்பதை மறந்துவிடாதே. எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதியில் போனது, என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவா. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா என்று இதழின் விதியில் பார். சொல்லப்படவில்லையென்றால் ஒன்றுக்கு மட்டும் அனுப்பு. மூன்று மாதம் பதில் இல்லாவிட்டால் ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.

கதை திரும்பி வரும். நல்ல கதைகளும் திரும்பும். இதழில் இடமில்லாதது, அதே கருவில் போன மாதம் ஒன்று வந்தது என்று காரணங்கள் பல. திரும்பிய அன்றே அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடு. ஐந்து இடத்திலிருந்து திரும்பினால் மட்டும் எடுத்துவைத்து மறுபடி படி.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை எழுதச்சொல்லி அனுப்பும் எண்ணம் வந்தால் ஒன்று சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரக் கதைகள் வந்து குவிந்ததால் கதை பெறுவதையே தற்காலிகமாக நிறுத்தியது. அதைவிடப் பெரிய நஷ்டம் உன்னுடையது: முடிச்சை அவிழ்க்கத் திணறும் அந்த மூன்று நாளில்தான் எழுத்து கைக்கு வருகிறது.

பணம், ஒப்பந்தம் பற்றிப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படியுங்கள். பதிப்பாளர் எழுத்தாளருக்குப் பணம் தருவார். எழுத்தாளர் பதிப்பாளருக்குத் தருவது வேறு தொழில். "தொகுப்பில் உங்கள் கதை தேர்வாகியிருக்கிறது, பிரதிகளுக்குப் பணம் கட்டுங்கள்" என்று வரும் மின்னஞ்சல் அச்சுக்கூலி வசூல், அங்கீகாரம் இல்லை. சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தவறே இல்லை, தெரிந்து செய்யும்வரை. ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்றால் எதில் என்று கேளுங்கள். புத்தக விலை 200 என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 20. கடைக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் 120இல் பத்து சதவீதம் என்றால் 12. மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், மின்னூல், திரைப்பட உரிமைகள் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா, எத்தனை ஆண்டு, அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்ப வருமா என்று பாருங்கள். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் எங்கும் அனுப்பாமல் இருப்போர் உண்டு. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதியவுடனே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. காப்பு கிடைப்பது எழுதிய வடிவத்துக்கு, கருவுக்கு இல்லை. ஒவ்வொரு வரைவையும் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். கணினி பழுதானாலும் கதை பிழைக்கும், எப்போது எழுதியது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கும்.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று. பிள்ளையின் கதையில் வரும் அம்மா நானா, அந்தச் சண்டை நம் வீட்டுச் சண்டையா என்று கேட்காதீர்கள். ஒருமுறை கேட்டால்கூட அடுத்த கதையில் உண்மையான எதுவும் வராது. அனுமதியில்லாமல் நோட்டைத் திறக்காதீர்கள். படிக்கக் கொடுத்தால் அன்றே படித்துவிட்டு, மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரம், கதவு சாத்தக்கூடிய ஒரு மூலை, அந்த நேரத்தில் "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ" என்று கூப்பிடாமல் இருப்பது: இப்போதைக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது இவ்வளவுதான்.