21 டாலர் கிதார்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியைப் பற்றி எழுதும்போது, 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' பாட்டில் கிதார் வாசித்த டேனி செட்ரோனுக்கு அந்த ரிக்கார்டிங்குக்காகக் கிடைத்தது 21 டாலர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு மனசே ஆறவில்லை. உலகமெல்லாம் ஆடிய பாட்டு அது. வாசித்தவருக்கு 21 டாலர், அப்புறம் இரண்டே மாதத்தில் சாவு. இது சுரண்டல் இல்லையா? உயிரோடு இருந்திருந்தால் கோடீஸ்வரராக ஆகியிருப்பாரே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பாட்டின் நடுவில் கிதார் தனித்து ஒலிக்கும் சோலோவை அவர் இரண்டு வருடம் முன்பே 'ராக் தி ஜாயிண்ட்' என்ற பாட்டில் ஏறக்குறைய அப்படியே வாசித்திருக்கிறார். தேடிக் கேட்டதும் சப்பென்று ஆகிவிட்டது. பழையதை எடுத்து மறுபடி பரிமாறியதற்கா இத்தனை புகழ்? நான் எட்டு மாதமாகக் கிதார் கற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இந்த ஆதங்கம்.

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரியில் தாண்டிப் போனது என் தப்புதான். ஆனால் நீங்கள் நினைக்கிற கதை வேறு, நடந்தது வேறு.

1950களின் தொடக்கத்தில் பில் ஹேலி உலகப் புகழ் பெற்றவர் அல்ல. பென்சில்வேனியாவில் செஸ்டர் என்ற ஊர்ப்பக்கம் வானொலியில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் மதுக்கடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். குழுவின் பெயர் 'சாடில்மென்'. குதிரைச் சேணக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியும் பூட்ஸுமாகக் கௌபாய் வேஷம். பாட்டுகளும் பெரும்பாலும் நாட்டுப்புற வகைதான். 1951இல் 'ராக்கெட் 88' என்ற, கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டை இந்தக் கௌபாய்கள் எடுத்து வாசித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் செட்ரோன் ரிக்கார்டிங்குக்குக் கிதார் வாசிக்க வருகிறார்.

வருகிறார் என்றால் சேருகிறார் என்று அர்த்தமில்லை. கடைசிவரை அவர் ஹேலி குழுவின் முழுநேர ஆள் ஆகவே இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் அவருக்கே சொந்தமாக ஒரு குழு இருந்தது, 'எஸ்கொயர் பாய்ஸ்'. தானே தலைமை, தானே கிதார். ஹேலி எழுதிய 'ராக்-எ-பீட்டின் பூகி' பாட்டை ஹேலிக்கு முன்பே இசைத்தட்டாகப் போட்டது இந்தக் குழுதான். ஒரு ஊரில் கச்சேரி செய்து பிழைக்கிற இரண்டு குழுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்வது மாதிரியான உறவு. முதலாளி, கூலி என்ற சட்டகத்துக்குள் அது சரியாகப் பொருந்தாது.

1954 ஏப்ரல் 12. டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஹேலியின் முதல் ரிக்கார்டிங். இடம் நியூயார்க்கில் பித்தியன் டெம்பிள் என்ற கட்டடம், அதன் பெரிய கூடம். டெலவேர் ஆற்றைக் கடக்கும் படகு மணல்திட்டில் சிக்கிக்கொள்ள, குழு தாமதமாக வந்து சேர்ந்தது. இருந்த நேரத்திலும் பெரும்பகுதியை வேறொரு பாட்டு விழுங்கிவிட்டது. ஹைட்ரஜன் குண்டு வெடித்து, ஒரு ஆணும் 13 பெண்களும் மட்டும் மிஞ்சியிருப்பதாகக் கனவு காணும் பாட்டு. கம்பெனிக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது! 'ராக் அரவுண்ட் தி க்ளாக்' தட்டின் பின்பக்கத்துக்கு. இரண்டு டேக்கில், அதாவது இரண்டு முறை வாசித்துப் பதிந்து, முடித்தார்கள். முதல் டேக்கில் ஹேலியின் குரல் வாத்தியங்களுக்குள் அமுங்கிப்போக, இரண்டாவதில் குரலைச் சரியாகப் பிடித்து இரண்டையும் சேர்த்துக் கொண்டார்கள்.

அந்த நெருக்கடியில் கிதார்காரர் எங்கே உட்கார்ந்து புதிதாக யோசிப்பது? இரண்டு வருடம் முன்பு வாசித்ததையே எடுத்தார். உங்களுக்குச் சப்பென்று ஆன இடம் இது. எனக்கு நேர் எதிர். 'ராக் தி ஜாயிண்ட்' ஃபிலடெல்ஃபியாவின் எஸெக்ஸ் என்ற சின்னக் கம்பெனி வெளியிட்ட தட்டு. அந்த வட்டாரத்துக்கு வெளியே அதைக் கேட்டிருந்தவர்கள் குறைவு. அந்தச் சோலோ பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), அதிகம் போனால் பதினாறு விநாடி. உச்சஸ்தாயியில் ஆரம்பித்து, கடைசியில் அரைச்சுரம் அரைச்சுரமாகப் படபடவென்று கீழே இறங்கும். பட்டாசுச் சரத்தைப் படியில் உருட்டிவிட்டது போல இருக்கும். அந்த வேகத்தில் ஒரு சுரம்கூட மங்காமல் விழ வேண்டுமென்றால் விரல் அந்தப் பாதையில் பலமுறை போய் வந்திருக்க வேண்டும். அன்று பழக்கமில்லாத ஒன்றை முயன்றிருந்தால் தடுமாறியிருப்பார் என்றே நினைக்கிறேன். தன்னிடமிருந்து தானே எடுப்பதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பணம். 21 டாலர் என்பது பல இடங்களில் பதிவாகியிருக்கிற தொகை. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாருக்கும் அது உலகப் பாட்டு என்று தெரியாது. 1954 மே மாதம் வெளியாகி, அமெரிக்கப் பட்டியலில் 23ஆம் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. மறுவருடம் 'ப்ளாக்போர்ட் ஜங்கிள்' படத்தின் தொடக்கத்தில் ஒலித்த பிறகுதான் தீப்பிடித்தது. 1955 ஜூலையில் முதலிடம், எட்டு வாரம்.

அப்போது செட்ரோன் இல்லை. 1954 ஜூன் 7 அன்று 'ஷேக், ராட்டில் அண்ட் ரோல்' பாட்டுக்கு வாசித்தார். அதில் அவருக்குச் சோலோகூடக் கிடையாது. பத்து நாள் கழித்து, ஜூன் 17, படிக்கட்டில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். மூன்று நாள் போயிருந்தால் 34 வயது.

உயிரோடு இருந்திருந்தால்? கோடீஸ்வரர் ஆகியிருக்க மாட்டார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். பாட்டின் ராயல்டியில் எழுதியவர்களுக்குப் பங்குண்டு. மாக்ஸ் ஃப்ரீட்மன், ஜிம்மி டி நைட் என்ற புனைபெயரில் ஜேம்ஸ் மயர்ஸ். ஹேலிக்கு உண்டு. சோலோ வாசித்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. குழுவிலும் ஹேலி, பியானோ ஜானி கிராண்டி, ஸ்டீல் கிதார் பில்லி வில்லியம்சன், மேனேஜர் ஆகியோர்தான் பங்காளிகள். மற்றவர்கள் வாரச் சம்பளக்காரர்கள். பாட்டு உச்சத்தில் இருந்த அதே 1955இல், பாஸ் வாசித்த மார்ஷல் லைட்டில், சாக்ஸபோன் ஜோயி ஆம்ப்ரோஸ், ட்ரம்ஸ் டிக் ரிச்சர்ட்ஸ் மூவரும் வாரச் சம்பளத்தில் 50 டாலர் கூட்டிக் கேட்டார்கள். ஹேலி தரப்பு மறுத்தது. மூவரும் வெளியேறித் தனியாக 'ஜோடிமார்ஸ்' என்று குழு ஆரம்பித்தார்கள். உங்கள் கோபத்துக்குச் சரியான இடம் இதுதான். அறியாமல் கொடுத்த 21 டாலரை விட, லாபம் கொட்டும்போது தெரிந்தே மறுத்த 50 டாலர் எனக்கு உறுத்துகிறது.

செட்ரோன் இருந்திருந்தால், என் ஊகம், எஸ்கொயர் பாய்ஸோடு ஃபிலடெல்ஃபியாவிலேயே வாசித்துக்கொண்டு இருந்திருப்பார். அதை ஏன் நாம் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்? அவருக்குச் சொந்தக் குழு இருந்தது, வேலை இருந்தது, ஊரில் பெயர் இருந்தது. அவர் இடத்தில் ஹேலி குழுவுக்கு வந்த ஃப்ரானி பீச்சர், ஜாஸ் குழுத் தலைவர் பென்னி குட்மனோடு வாசித்த ஜாஸ்காரர். தான் உருவாக்காத அந்தச் சோலோவைத்தான் அவர் மேடைக்கு மேடை வாசிக்க வேண்டியிருந்தது. அவருடைய நிலைமையும் யோசித்துப் பார்க்கத் தக்கதுதான். 2012இல் 'காமெட்ஸ்' குழுவை (சாடில்மென் பிறகு எடுத்துக்கொண்ட பெயர் அது) ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது இருவர் பெயரும் ஒன்றாகவே இடம்பெற்றன.

சோலோவைக் கற்க விரும்பினால் 1954 பதிவில் ஆரம்பிக்காதீர்கள். 1952 'ராக் தி ஜாயிண்ட்' பதிவை எடுங்கள். அதில் ட்ரம்ஸ் கிடையாது. பாஸ் தந்தியைப் பலகையில் அறைகிற சத்தம்தான் தாளம். அதனால் கிதார் தெளிவாகக் கேட்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தக் கடைசி இறக்கத்தை மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். தந்தியை மீட்டும் வில்லையான பிக்கை மேலும் கீழும் மாற்றி மாற்றி. கீழ்நோக்கி மட்டும் அடித்தால் அந்த வேகம் ஒருநாளும் வராது. வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.